கட்டுரை திருத்த உதவும் அவுட்லைன்

பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள், மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதிய கட்டுரையைத் திருத்தித் தரச் சொன்னாள். நானே முழுவதும் மாற்றி எழுதிக் கொடுத்தேன். "நல்லா இருக்கு மாமா. ஆனா இது என் கட்டுரை இல்லையே" என்றாள். எனவே அவளது பைலையே மீண்டும் வேர்டில் திறந்தோம்.

ஒவ்வொரு பத்திக்கும் மேலே அது சொல்வதை ஒரே வரியில் அவளையே டைப் செய்யச் சொன்னேன். அந்த வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோல்+ஆல்ட்+1 அழுத்தினால் ஹெடிங் 1 ஆகிவிடும். பிறகு வியூ பகுதியில் அவுட்லைன் தேர்வு செய்து, ஷோ லெவலில் லெவல் 1 கொடுங்கள். தலைப்புகள் மட்டும் தெரியும்.

இரண்டு பத்திகளுக்கு ஒரே தலைப்பு வந்திருந்தது. தமிழக அரசு 2003-ல் இதைக் கட்டாயமாக்கிய செய்தி கடைசியில் கிடந்தது. ஆல்ட்+ஷிப்ட்+மேல் அம்புக்குறி அழுத்தி, தலைப்பைப் பத்தியோடு அவளே மேலே நகர்த்தினாள்.

அடுத்து, கண்ட்ரோல்+ஆல்ட்+எம் அழுத்தி, "இதற்கு உதாரணம்?" போன்ற கேள்விகளை மட்டும் கமெண்ட்டாக இட்டேன். பதிலை அவள் எழுதினாள்.

முடிந்ததும் பிரிண்ட் லேஅவுட்டுக்கு வந்து தலைப்பு வரிகளை நீக்குங்கள். அவுட்லைனில் சுருங்கியிருக்கும்போது நீக்கினால் பத்தியும் சேர்ந்து போய்விடும், கவனம்!

தேர்வு அறையில் வேர்ட் கிடையாது. ஆனால் முதலில் தலைப்புகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் அங்கும் கைகொடுக்கும்.