ஒரே மூளையில் இரு நோய்கள்

“முதலில் பார்த்த மருத்துவர் அப்பாவுக்கு அல்சைமர் என்றார். இங்கே இரத்தக் குழாய் அடைப்பால் வந்த மறதி என்கிறீர்கள். எது சரி?” முதியவரை அழைத்துவரும் பிள்ளைகள் இவ்வாறு கேட்பதுண்டு. இரண்டும் சரியாக இருக்கலாம்.

1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், மறதியுற்று இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் படிவுகளையும் நரம்பணுக்களுக்குள் முறுக்கிய இழைகளையும் கண்டு விவரித்தார். அமிலாய்டு, டௌ என்னும் புரதங்களே அவை எனப் பிற்காலத்தில் தெரிந்தது. 1912-இல் லூயி என்பவர் நடுக்குவாதம் உற்றோர் மூளையில் வேறுவகை உருண்டைகளைக் கண்டார். பாடநூலில் இவை தனித்தனி அத்தியாயங்கள். எண்பதைக் கடந்த மூளையிலோ பல வேளைகளில் கலந்தே காணப்படுகின்றன.

அமெரிக்கக் கன்னியர் மட மூதாட்டியரின் மூளைகளை ஆராய்ந்து 1997-இல் வெளியான ஆய்வு இதனை நன்கு விளக்கியது. அல்சைமர் மாற்றங்கள் இருந்தோருள், மூளையின் ஆழ்பகுதியில் ஓரிரு சிறு அடைப்புகளும் இருந்தவர்களிடமே மறதிநோய் மிக அதிகமாக வெளிப்பட்டிருந்தது. வேர் அழுகிய நெற்பயிரைப் புகையானும் தாக்கியது போன்ற நிலை அது.

அல்சைமரைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் புதிய அடைப்புகள் வராமல் காக்க வழியுண்டு. “மறதிதான் வந்துவிட்டதே, இனி எதற்கு?” என்று இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடும் குடும்பங்கள் உள்ளன. அது பெரும் பிழை.

லூயி உருண்டைகள் கலந்திருந்தால் எச்சரிக்கை வேறு. திண்ணையில் யாரோ குழந்தைகள் அமர்ந்திருப்பதாகப் பெரியவர் சொல்வார். உறக்கத்தில் கத்துவார், உதைப்பார். காலையில் தெளிவாகவும் மாலையில் குழம்பியும் இருப்பார். காற்று, கருப்பு என்று ஊரார் பேசுவர் என அஞ்சி இதை மறைக்கின்றனர். மறைத்தால் ஆபத்து: மனக்குழப்பத்தை அடக்கத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் இவர்களை விறைத்துப்போகவும் நினைவிழக்கவும் செய்யக்கூடும்.

ஸ்கேன் அடைப்புகளைக் காட்டும். லூயி உருண்டைகளைக் காட்டாது. அவற்றை உறுதிசெய்வது இறந்தபின் செய்யும் திசு ஆய்வே. அதற்கெனப் பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. உயிரோடிருப்பவர் பொருட்டு மருத்துவர் நம்புவது உங்கள் கண்களைத்தான்.

ஆகவே அடுத்த முறை வரும்போது ஒரு தாளில் எழுதி வாருங்கள்: மறதி மெல்ல வளர்ந்ததா, ஒருநாள் திடீரெனக் கூடியதா, இல்லாத உருவங்கள் தெரிகின்றனவா, நடை எப்போது தளர்ந்தது, வேறிடத்தில் வாங்கிய மாத்திரைகள் எவை. மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு வாருங்கள்.