நின்ற இடத்தில் தடுமாறும் இயந்திரம்

மாணவச் செல்வங்களே, மோட்டார் வண்டி சந்தியில் நிற்கும்போதும் அதன் இயந்திரம் மெல்ல ஓடிக்கொண்டேயிருக்கும். இதனை 'ஐட்லிங்' என்பர். நாம் நிலையோட்டம் என்போம். நான்கு உருளை இயந்திரம் நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் உருளையிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிபொருள் எரியும். அவ்வாறாயின் நிமிடத்திற்கு 1,600 முறை! ஆறாம் ஆண்டு மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

1985ஆம் ஆண்டு வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற பழைய வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்தனுப்புவது கார்புரேட்டர். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. நிலையோட்டத்தில் காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே செல்லும் காற்று சிறிது, இயந்திரம் உறிஞ்சும் விசையோ பெரிது. அவ்வேளை ரப்பர்க் குழாயொன்றில் சிறு வெடிப்பு இருப்பினும் அதன் வழியே கூடுதல் காற்று புகுந்து கலவையைக் கெடுத்துவிடும். வெடித்த உறிஞ்சுகுழலால் பானம் பருகியவர் இதனை எளிதில் உணர்வர். வண்டி விரையும்போது கதவு திறந்து காற்று மிகுதியாகப் புகுவதால் அக்கசிவு பொருட்டாவதில்லை. ஆகவேதான் ஓடும்போது நன்றாயிருக்கும் வண்டி நின்றதும் குலுங்குகின்றது.

எமது பழைய வண்டியும் இவ்வாறே பெருஞ்சாலைச் சந்தியில் அணைந்து அணைந்து நின்றது. லாரிகள் விரையும் இடத்தில், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவ்வாறு நிற்பது விளையாட்டன்று. பட்டறையொன்றில் திருகைத் திருகி வேகத்தைக் கூட்டிக் கொடுத்தனர். அணைவது நின்றது, குலுக்கல் நிற்கவில்லை, பெட்ரோல் செலவும் ஏறிற்று. இறுதியில் குற்றவாளியாய் அகப்பட்டது விரல் நீள ரப்பர்க் குழாயே!

எனவே, பெற்றோர்களே, திருகில் கைவைக்குமுன் குழாய்களையும், காற்று வடிகட்டியையும், பிளக்குகளையும் பாருங்கள். பிறகு இயந்திரத்தை நன்கு சூடேற்றி, விளக்குகளை அணைத்து, வேகத் திருகை வண்டியின் கைந்நூலில் கண்ட அளவிற்குக் கொணருங்கள். கலவைத் திருகைச் சிறிது சிறிதாகவே திருப்ப வேண்டும். இறுக்கி முடுக்கினால் அதன் ஊசிமுனை கெடும். சீரான ஓட்டம் அமைந்தபின் வேகத்தை மீண்டும் சரிபார்த்தல் நன்று.

இவை யாவும் திறந்தவெளியிலேயே நடைபெறட்டும். மூடிய கொட்டகையில் புகையோடு கலந்துவரும் கார்பன் மோனோக்சைடு வாயுவிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது உயிரைக் குடிக்கும். சிறுவர் சுழலும் விசிறியின் அருகே செல்லலாகாது.

இக்காலத்து வண்டிகளில் கணினியே நிலையோட்டத்தைச் சீர்செய்கின்றது, திருகுதற்குத் திருகில்லை. வெடித்த குழாய் மட்டும் அவற்றையும் விட்டுவைப்பதில்லை.