கானோரக் கீரையும் நத்தைப் புழுவும்

இடம்பெயர்ந்து புதிய இடத்தில் குடியேறிய நாம், கறிக்கு முதலில் தேடுவது கானோரத்து வல்லாரையையும் கங்குனையுந்தான். கஹவத்தைப் பக்கத்தில் மழை விட்டதும் அதே கானோரத்தில் நத்தைகளும் ஊர்கின்றன. அவற்றைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டும்.

பெரிய ஆபிரிக்க நத்தை 1900ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது தரையில் வாழ்வது. தென்னமெரிக்காவின் அப்பிள் நத்தை நீரில் வாழ்வது; 1980 அளவில் உணவுக்கென ஆசியாவுக்கு வந்து, வயல்களிலும் நகர வாய்க்கால்களிலும் பரவியது. இரண்டும் எலியின் நுரையீரற் புழுவைச் சுமக்கக்கூடியவை.

எலியின் எச்சத்தில் இப்புழுவின் குஞ்சுகள் வெளிவருகின்றன. நத்தை அதைத் தின்கிறது. பச்சைக் கீரையில் ஒட்டிய சிறு நத்தையையோ, சரியாக வேகாத நத்தை இறைச்சியையோ நாம் உண்டால், புழு நமது மூளையை அடைகிறது. கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் கூச்சம் ஆகியவை அறிகுறிகள். 2006இல் பீஜிங் நகர உணவகமொன்றில் சரியாக வேகாத அப்பிள் நத்தையை உண்டு 160 பேர் நோயுற்றனர். இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது.

நாம் செய்ய வேண்டியவை:

1. வல்லாரையை இலை இலையாக ஓடும் நீரில் கழுவுவோம். கானோரத்தில் பறித்ததைச் சம்பல் போடாமல் வேகவைத்தே உண்போம். தேசிக்காய்ப் புளி புழுவைக் கொல்லுமென நம்பக்கூடாது.
2. நத்தையை வெறுங்கையால் தொடாதிருக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.
3. குப்பையை மூடி, எலி பெருகாமல் காப்போம்.
4. மேற்கூறிய அறிகுறிகள் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்வோம். பச்சையாக உண்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்வோம்.

கலந்துரையாட: நமது குடியிருப்பில் கீரை எங்கே பறிக்கப்படுகிறது? வீட்டருகே சுத்தமான பாத்தி ஒன்றை நாம் சேர்ந்து போட முடியாதா?