கீரையில் இருப்பதும் உடலில் சேர்வதும்

ரத்தம் குறைவு என்று மருத்துவர் சொன்னால் போதும், அன்றைக்கே வீட்டில் முருங்கைக்கீரை ஆயத் தொடங்கிவிடுவார்கள். மாத்திரை அட்டை மேசையிலேயே கிடக்கும். கீரையில் இரும்புச்சத்து உண்டு என்பது பொய்யில்லை. எவ்வளவு உண்டு, அதில் எவ்வளவு உடலில் சேர்கிறது என்று கேட்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் பாலக்கில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் இரும்பும், முருங்கைக்கீரையில் நாலரை மில்லிகிராம் அளவும் இருக்கின்றன. வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது 2020-இன் பரிந்துரை. பாலக்கை மட்டுமே நம்பினால் தினம் ஒரு கிலோ. வாணலியில் வதங்கிச் சுருங்கிய பொரியலில் ஆளுக்குக் கிடைப்பதோ இரண்டு கரண்டி. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. கீரை அகப்படாத ஊரல்ல இது.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கதையும் உலவுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய ஆய்வாளர் ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததால் பாலக்கின் இரும்பு பத்து மடங்காகிவிட்டதாம். அதை நம்பித்தான் கார்ட்டூன் மாலுமி பாப்பாய் கீரை தின்றானாம். கேட்க ருசியான கதை, ஆனால் ஆதாரம் இல்லை. பிரிட்டிஷ் ஆய்வாளர் மைக் சட்டன் 2010-இல் இதன் மூலத்தைத் தேடிப் பார்த்தபோது அப்படியொரு புள்ளிப் பிழை எங்கும் அகப்படவில்லை. பாப்பாயும் கீரையைப் புகழ்ந்தது வைட்டமின் ஏ-வுக்காக. ஒரு கட்டுக்கதையை உடைக்க இன்னொரு கட்டுக்கதையைக் கையில் எடுப்பதில் நாம் சளைத்தவர்கள் அல்ல. கீரையில் இரும்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தாவர இரும்பை உடல் இறைச்சியின் இரும்பைப்போல எளிதில் ஏற்பதில்லை. கீரையில் உள்ள பாலிஃபீனால்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் காபியும் இன்னும் கெடுக்கின்றன.

சத்து அட்டவணை சொல்வது இலையில் இருக்கும் சரக்கை; நமக்குச் சேர்வதை முடிவு செய்வதில் பெரும்பங்கு அடுப்படிக்கு. இரும்பையே எடுத்துக்கொள்வோம். அதே வேளை உணவில் வைட்டமின் சி இருந்தால் தாவர இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. சூடு பட்டால் அந்த வைட்டமின் சிதையும் என்பதால், கீரையை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவதே பயன் தரும். கொதிக்கும்போது விட்டால் பாதி வீண். ஏகாதசி விரதம் முடித்து துவாதசியன்று அகத்திக்கீரையோடு நெல்லிக்காயும் சேர்த்து உண்பது நம்மிடையே பழைய வழக்கம். முன்னோர் வேதியியல் அறிந்து வைத்த ஏற்பாடு என்று மார்தட்ட அதில் சான்றில்லை. ஆனாலும் சேர்க்கை அருமையானது, விரதம் இல்லாத நாளிலும் செய்யலாம்.

சுண்ணாம்புச் சத்தின் கதை இன்னும் வேடிக்கை. பாலக்கில் கால்சியம் தாராளமாக உண்டு, ஆனால் அதை ஆக்சலேட் என்ற அமிலப் பொருள் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறது. 1988-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாலின் கால்சியத்தில் 27 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சப்பட்டது; பாலக்கின் கால்சியத்தில் 5 சதவீதமே. தண்டுக்கீரை, முளைக்கீரை இனங்களிலும் ஆக்சலேட் மிகுதி. வெந்தயக்கீரையில் அது வெகு குறைவு. இந்த இடத்தில் ஒரு பழைய விலக்கைப் பார்க்க வேண்டும்: கீரையோடு தயிர் சேரக்கூடாது என்பது. தயிரின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடுவதால், சிறுநீருக்குப் போகும் ஆக்சலேட் குறையத்தான் செய்கிறது. சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவருக்கு நாம் விலக்கும் சேர்க்கையே நல்லது. தயிர் இரும்பின் உறிஞ்சுதலைக் கொஞ்சம் குறைக்குமே என்று கேட்கலாம். குறைக்கும்தான். எனவே ரத்தசோகை உள்ளவருக்கு எலுமிச்சை, கல் உள்ளவருக்குத் தயிர் என்று ஆளைப் பார்த்துப் பரிமாற வேண்டும். எல்லோருக்கும் ஒரே விலக்கு பொருந்தாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதும் அப்படித்தான். கரையும் ஆக்சலேட் அந்தத் தண்ணீரில் கணிசமாக இறங்கிவிடும், கூடவே ஃபோலேட்டும் வைட்டமின் சி-யும் போகும். கல் வந்தவர் கொட்டட்டும். மற்றவர்கள் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, அதையும் சேர்த்தே கடையட்டும்.

சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும், பச்சையாக அரைத்துக் குடிப்பதே மேல் என்ற வாதம் இப்போது பலமாக இருக்கிறது. வைட்டமின் சி-யைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. மற்ற சத்துகளுக்கு அது பொருந்தாது. பீட்டா கரோட்டின் இலையின் செல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. வேகவைப்பதும் மத்தால் கடைவதும் அந்தச் சுவரை உடைக்கின்றன, தாளிக்கும் எண்ணெய் அதைக் கரைத்துக் குடலில் சேர்க்கிறது. உணவின் பீட்டா கரோட்டின் 6 மைக்ரோகிராமுக்கு 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்கும் என்றுதான் வெகுகாலம் கணக்கிட்டார்கள். 2001-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் அதை 12-க்கு 1 என்று திருத்தியது. அப்படிப் பாதியாகக் குறைந்ததையும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் இல்லாமல் வீணாக்குவானேன்? சட்டியில் கடைந்து, மேலே வெங்காயமும் மிளகாயும் தாளித்துக் கொட்டும் கீரை மசியலைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பச்சைக்கீரைச் சாறை நாள்தோறும் அளவுமீறிக் குடித்து, ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் பழுதான நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஒரு டம்ளர் சாறுக்குப் பெரிய கட்டு ஒன்று உள்ளே போய்விடும். அதே கட்டைப் பொரியலாக்கினால் நாலு பேர் சாப்பிடுவார்கள்.

நிறத்துக்காக ஆப்பசோடா போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். சூட்டில் இலையின் அமிலம் பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தைப் பிரித்துவிடுவதால் நிறம் மங்குகிறது. சோடா அதைத் தடுக்கும், கூடவே வைட்டமின் சி-யையும் தயாமினையும் அழிக்கும். மூடியைத் திறந்து வைத்தால் ஆவியாகும் அமிலம் வெளியேறி, நிறம் ஓரளவு தங்கும். புளிச்சகீரை எப்படியும் பழுப்பாகத்தான் போகும், அது அதன் சுபாவம். கடையில் வாங்கும்போது பூச்சி அரித்த ஓட்டையை மருந்தடிக்காத கீரைக்கு அத்தாட்சியாகக் கொள்வதும் சரியல்ல. பூச்சி கடித்த பிறகும் மருந்தடித்திருக்கலாம். ஆய்ந்து, நறுக்குவதற்கு முன்பே மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவதுதான் முறை. நறுக்கிவிட்டு அலசினால் கரையும் சத்து தொட்டியோடு போகும்.

இரவில் கீரை கூடாது என்பதற்கு மாலைக்குப் பிறகு குடல் கீரையை ஏற்காது என்ற பொருளில் ஆதாரம் ஏதும் இல்லை. நார்ச்சத்து ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புபவர்களுக்குப் பகலிலும் அது உப்பத்தான் செய்யும். காலையில் கடைந்த கீரை வெளியிலேயே கிடந்து இரவில் சூடாக்கப்படுவதில்தான் ஆபத்து. கீரையில் இயல்பாக உள்ள நைட்ரேட்டை, வெளியில் வைத்தால் பெருகும் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். கைக்குழந்தைகளுக்கு அது கெடுதல். ஆகவே மீந்ததை உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மீந்த கீரையை ஊட்டவே வேண்டாம். மாலையில் வாங்கி அப்போதே ஆய்ந்து சமைத்த அரைக்கீரையை இரவுச் சாப்பாட்டில் போட்டுக்கொள்ளத் தடையில்லை.