நம்பிக்கைகளும் உண்மைகளும்: பல் மருத்துவக் கல்லூரியின் கீர்த்தி

கோலார் தங்கவயலின் (கே.ஜி.எஃப்.) பாலகாட் லைன் வீடுகளில் ஒரு பிள்ளை நீட் தேர்வில் ஓரளவு மதிப்பெண் பெற்றுவிட்டால், பெங்களூரில் பேர்பெற்ற காலேஜில்தான் சேரவேண்டும், பக்கத்துக் காலேஜ் பட்டத்தை எவரும் மதிக்கமாட்டார் என்ற பேச்சு எழுவதும், 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கும் தகப்பனார் அதற்காகக் கடன்படத் துணிவதும் சகஜமாகிவிட்டன. அந்தத் தியாகம் வணங்கத்தக்கது. அதனாலேயே அது எந்த நம்பிக்கையின்மேல் நிற்கிறதென்று பார்க்கவேண்டியது அவசியமாகிறது.

முதலாவது, பட்டத்தின் மதிப்பு. பி.டி.எஸ். பட்டம் அளிப்பது கல்லூரியன்று, சர்வகலாசாலை. பெமல் நகரிலுள்ள கே.ஜி.எஃப். பல் மருத்துவக் கல்லூரியும், பெங்களூர் அரசினர் பல் மருத்துவக் கல்லூரியும் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவையாதலின், பாடத்திட்டமும் பட்டமும் இரண்டிற்கும் ஒன்றே. மேற்படிப்புக்குரிய நீட் எம்.டி.எஸ். தேர்விலோ கல்லூரிப் பெயருக்கென்று தனி மதிப்பெண் கிடையாது.

இரண்டாவது, தரவரிசையில் முன் நிற்பதே சிறந்த கல்லூரி என்பது. மத்திய அரசின் தரவரிசை ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் அவை பெறும் மேற்கோள்களையும் சேர்த்தே எடைபோடுகிறது. அப்பட்டியலில் முதலிடம் வகித்த சென்னைத் தனியார் கல்லூரியொன்றின் கட்டுரைகள் தமக்குள்ளேயே மிகுதியாக மேற்கோள் காட்டிக்கொள்வதாக 2023இல் 'சயின்ஸ்' சஞ்சிகை எழுதிற்று. கல்லூரி அக்குற்றச்சாட்டை மறுத்தது. உண்மை எவ்வாறாயினும், கட்டுரைகளின் தொகை மாணவனின் கைத்தேர்ச்சிக்கு அளவுகோலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அப்படியானால் எந்தக் கல்லூரியும் ஒன்றுதான் என்று சிலர் மறுகோடிக்கு ஓடுகிறார்கள், அதுவும் பிழையே. பல் வைத்தியம் கையால் கற்கும் வித்தை. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் ஒவ்வொரு மாணவனும் இத்தனை பல் பிடுங்கவேண்டும், இத்தனை அடைக்கவேண்டும், இத்தனை பல்செட்டு கட்டவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மாணவர் அதைக் 'கோட்டா' என்பார்கள். நோயாளிகள் திரளாக வரும் ஆஸ்பத்திரியில் அது தானே நிறைவேறும். வராத இடத்திலோ, மாணவன் பஸ் செலவு கொடுத்து, தன் உறவினரையும் தெருக்காரரையும் அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்தவேண்டிய பரிதாபம் நேர்கிறது. பெரிய ஊர்க் கல்லூரியென்பதற்காக அந்நிலை வாராதென்று எண்ணிவிடக் கூடாது; சுற்றிலும் தனியார் கிளினிக்குகள் மலிந்த நகரத்தில் நோயாளி பங்குபோய்விடுவதும் உண்டு.

ஆகவே, கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலை நிரப்புமுன் தகப்பனும் பிள்ளையும் ஒரு வேலைநாளின் காலைப்பொழுதில் அக்கல்லூரியின் புறநோயாளர் பகுதிக்குச் செல்லட்டும். எத்தனை நாற்காலிகளில் நோயாளிகள் இருக்கிறார்கள், மாணவன் பல்லைக் குடையும்போது ஆசிரியர் அருகில் நின்று பார்க்கிறாரா, கருவிகள் ஒவ்வொருவருக்கும் சுத்திகரித்து எடுக்கப்படுகின்றனவா என்று கண்ணால் பார்க்கட்டும். பிறகு, இறுதியாண்டுப் பயிற்சியிலிருக்கும் ஹவுஸ் சர்ஜன் ஒருவரிடம், வேர்ச் சிகிச்சை எத்தனை தம் கையாலேயே செய்து முடித்தார் என்றும், ஸ்டைபெண்ட் ஒழுங்காக வருகிறதா என்றும், கட்டண ரசீதில் காணாத செலவுகள் எவை என்றும் கேட்டறியட்டும்.