மரையும் சிறுத்தையும்

ராத்திரியில மரை வந்து நம்ம மரக்கறித் தோட்டத்தை மேய்ஞ்சிட்டுப் போனா வயிறு எரியத்தான் செய்யும். "சுட அனுமதி தந்தால் என்ன?" என்று கேட்கிறோம். ஸ்கொட்லாந்தில் அப்படித்தான். அங்கே ஓநாய் அழிந்துபோனது. மான் பெருகி இளமரங்களைத் தின்கிறது. ஆகவே சட்டப்படி ஆண்டுதோறும் சுட்டுக் குறைக்கிறார்கள்.

நமது மலைநாட்டில் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்வது சிறுத்தை. இங்கே மரையைக் கொல்வது குற்றம். களவாக வைக்கும் கம்பிச் சுருக்கு, மரை எது, சிறுத்தை எது என்று பார்க்காது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் சிக்கிய அபூர்வக் கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது. சிறுத்தை குறைந்தால் மரை பெருகும், நட்டம் நமக்குத்தான்.

உயரமாக வேலி கட்டுவோம். சுருக்கு வைக்க வேண்டாம். சிறுத்தை சிக்கியிருந்தால் பிள்ளைகளைக் கிட்ட விடாமல், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவிப்போம்.