இரவுக்கு ஒரு நங்கூரத்துறை

பத்துமலைப் பகுதியில் பெய்யும் மழைநீர் பத்து ஆற்றின் வழியே கோம்பாக் ஆற்றைச் சேர்கிறது. கோம்பாக் ஆறு, கோலாலம்பூரின் ஜாமெக் பள்ளிவாசல் அருகே கிள்ளான் ஆற்றுடன் இணைகிறது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுள்ள கிள்ளான் ஆறு இறுதியில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது.

ஆறு கடலைச் சேரும் கழிமுகத்தின் முன்னே கிள்ளான் தீவு, கெத்தாம் தீவு முதலிய தீவுகள் அரண்போல் அமைந்துள்ளன. அவை திறந்த கடலின் அலைகளைத் தடுக்கின்றன. இந்த இயற்கைப் பாதுகாப்பு கிடைத்த இடத்தில்தான் 1901ஆம் ஆண்டு சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து பயணிகளை ஏற்றி வந்த ‘ரஜூலா’ கப்பல் இங்கும் வந்து சென்றது. 1972இல் அதன் பெயர் கிள்ளான் துறைமுகம் என மாற்றப்பட்டது.

பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டிகளும் இழுவைப் படகுகளும் உதவுகின்றன. சிறு படகில் பயணம் செய்வோரோ தங்கள் பாதையையும் இரவு தங்குமிடத்தையும் தாங்களே தெரிவு செய்ய வேண்டும்.

படகோட்டி காலையில் முதலில் பார்ப்பது ஓத அட்டவணையைத்தான். இங்குக் கடல்நீர் நாளுக்கு இருமுறை உயர்ந்து, இருமுறை வற்றுகிறது. நீர் வற்றும்போது நீரோட்டம் கடலை நோக்கிச் செல்லும். அதனுடன் புறப்பட்டால் எரிபொருள் மிச்சமாகும். எதிர்த்துச் சென்றால் நேரமும் எரிபொருளும் வீணாகும். தீவுகளுக்கு இடையே அலையாத்திக் காடுகளும் சேற்றுத் திட்டுகளும் உள்ளன. ஓதம் உயர்ந்திருக்கும்போது திட்டுகள் கண்ணுக்குத் தெரியா. எனவே, வரைபடத்தையும் மிதவைகளையும் பின்பற்றியே செல்ல வேண்டும். பெரிய கப்பல்களால் உடனே நிற்கவோ திரும்பவோ இயலாது. ஆதலால், சிறு படகுகள் அவற்றின் பாதையை விட்டு விலகியே செல்லும்.

மாலை 7 மணியை ஒட்டிக் கதிரவன் மறைந்ததும் விரைவில் இருள் சூழ்ந்துவிடும். ஆகவே, வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடத்தைத் தேடுவது நல்லது. அங்கு மூன்று கூறுகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, காற்றிலிருந்து பாதுகாப்பு. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் சுமத்ரா திசையிலிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ அதிகாலையிலோ இக்கரையைத் தாக்கும். அது மேற்கிலிருந்து வீசுவதால், தீவுகளின் கிழக்குப் பக்கமே பாதுகாப்பானது.

இரண்டாவது, கடலடித் தரை. சேறும் களிமண்ணும் நங்கூரத்தை நன்கு பற்றிக்கொள்ளும். கற்பாறையில் நங்கூரம் வழுக்கலாம் அல்லது சிக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, நீரின் ஆழம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இங்கு ஓத ஏற்றத்தாழ்வு சுமார் 4 மீட்டர் இருக்கும். ஓதம் உயர்ந்த வேளையில் போதிய ஆழமுள்ளதாகத் தோன்றும் இடம், நள்ளிரவில் சேறாகிப் படகு சாய்ந்துவிடலாம். மாறாக, நீர் வற்றிய வேளையில் குறைவாக விட்ட கயிறு, ஓதம் உயரும்போது போதாமல் போகும். அப்போது நங்கூரம் தரையை விட்டுப் பெயர்ந்து, படகு அடித்துச் செல்லப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இப்போதைய ஆழம் 3 மீட்டர்; ஓதம் இன்னும் 3 மீட்டர் உயரும்; படகின் முகப்பு நீருக்கு மேல் 1 மீட்டர். ஆக மொத்தம் 7 மீட்டர். கயிற்றின் நீளம் இதைப் போல் 7 மடங்கு, அதாவது 49 மீட்டர் இருக்க வேண்டும். கனமான சங்கிலியாக இருந்தால் 5 மடங்கு போதும். ஓதம் திரும்பும்போது படகும் சுழலும் என்பதால், சுற்றிலும் அதற்கேற்ற இடம் தேவை.

நங்கூரம் பாய்ச்சிய பின், படகைச் சற்றுப் பின்னோக்கிச் செலுத்தி அதன் பிடிப்பைச் சோதிப்பர். கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை மனத்தில் குறித்துக்கொள்வர். அவை இருக்கும் திசை பெரிதும் மாறினால், நங்கூரம் நகர்கிறது என்று பொருள். இரவு முழுவதும் எல்லாத் திசைகளிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். அது பிற படகுகளுக்கு எச்சரிக்கை.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது பழமொழி. பகலில் முறையாகக் கணக்கிட்டுத் துறை தேர்ந்தவர், விடியற்காலைச் சூறை வீசும்போது இருளில் தடுமாற வேண்டியதில்லை.